இருண்ட திரையும் எழுதாத அச்சுப்பொறியும்

பல வருடங்களாக உழைத்த கணனி ஒன்று ஒருநாள் காலையில் இருண்ட திரையைக் காட்டிற்றாயின், “இதன் கதை முடிந்தது” என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. திரையைக் கண்டே கணனியை அறிந்தவர்களாதலால், திரையே கணனி என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், யூனிக்ஸ் என்னும் இயங்குமுறைமையின் வழிவந்த கணனிகளுக்கு இத்தீர்ப்புப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இன்று பலரும் இலவசமாகப் பெற்று நிறுவிக்கொள்ளும் லினக்ஸும் அவ்வழியைப் பின்பற்றி எழுந்ததே. இக்கணனிகளின் திரை இருண்டு கிடக்கும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். அச்சுப்பொறி வாய் மூடியிருக்கும்போதும் அச்சிட வேண்டிய தாள்கள் உள்ளே வரிசையிற் காத்திருக்கலாம்.

இதனை இக்கிழமை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. குருநகரிற் கடற்கரையை அண்டிய வாசிகசாலை ஒன்றிலே, பதினைந்து வருடங்களுக்கு முற்பட்ட லினக்ஸ் கணனி ஒன்று உளது. அவ்வூர் தென்மோடி நாட்டுக்கூத்துக்குப் பேர்போனது. முதியவர் ஒருவர், அண்ணாவியார் பரம்பரையில் வந்த கூத்துக் கொப்பிகளைப் பார்த்து, ஒற்றை விரலால் விசைப்பலகையைத் தட்டித் தட்டி, கூத்து ஒன்றை முழுவதுமாக அக்கணனியில் ஏற்றியிருந்தார். கொப்பிகளைப் பின்னர் கறையான் தின்றது. முதியவரும் காலமாகிவிட்டார். இப்பொழுது இளைஞர் சிலர் அக்கூத்தை மீண்டும் மேடையேற்ற விரும்புகின்றனர். நடிப்போர் ஒவ்வொருவருக்கும் பாட்டும் வசனமும் தாளிலே வேண்டும். கணனியோ கடவுச்சொல்லைக் கொடுத்தால் ஒருகணம் இருண்டு, மீண்டும் பெயரைக் கேட்கும் பலகையிலேயே வந்து நின்றது. அச்சுப்பொறியும் அசையவில்லை. திருத்துமிடத்திற் காட்டியபோது, வன்தட்டை அழித்துப் புதிய இயங்குமுறைமையை ஏற்றித் தருவதாகக் கூறினராம். அவ்வாறு செய்திருந்தாற் கணனி எழுந்திருக்கும், கூத்து போயிருக்கும்.

திரையும் அச்சும் கணனியின் உயிரல்ல என்று மேலே கூறினோம். அது எவ்வாறு என்பதை அறியச் சிறிது பழங்கதை வேண்டும்.

யூனிக்ஸ், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்திலே 1969 ஆம் ஆண்டிற் பிறந்தது. அதனை ஆக்கியவர்கள் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போரும் அவர்தம் தோழரும் ஆவர். இயங்குமுறைமை ஒன்றை ஆக்குவதற்கெனப் புதிய கணனி கேட்டால் மேலிடம் தராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே, பத்திரங்களை ஒழுங்குபடுத்தி அச்சிட ஒரு முறைமை செய்து தருவோம் என்று கூறியே பீ.டி.பி. 11 என்னும் கணனியை 1970 இல் வாங்குவித்தனர். 1971 இல் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பகுதியினர், தம் விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்து ஒழுங்காக்க அதனைப் பயன்படுத்தத் தொடங்கினர். எனவே யூனிக்ஸ், அச்சு வேலையின் பெயராற் சோறு கண்ட பிள்ளை எனலாம்.

அந்நாளில் அதற்குத் திரை கிடையாது. தொலைத்தட்டச்சு என்னும் இரைச்சலிடும் இயந்திரம் ஒன்று முன்னே நிற்கும். நாம் தட்டுவதும் கணனி விடையிறுப்பதும் அதிலுள்ள காகிதச் சுருளிலே எழுத்தாக விழும். அவ்வியந்திரத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அமைத்த ரீ.ரீ.வை. என்னும் மூன்றெழுத்து, இன்றைய லினக்ஸ் கணனிகளின் உள்ளேயும் அழியாமல் இருக்கின்றது. அச்சிடும் கட்டளையின் தொடக்கத்திலுள்ள எல்.பி. என்னும் ஈரெழுத்தும், அக்காலத்து வரி அச்சுப்பொறியின் பெயர்ச் சுருக்கமே.

படம் காட்டும் திரை பின்னர் வந்து சேர்ந்த விருந்தாளி. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே 1984 இல் றொபேட் ஷைஃப்லர், ஜிம் கெற்றிஸ் ஆகியோர் எக்ஸ் என்னும் சாளர முறைமையைத் தொடங்கினர். அதற்கு முன் டபிள்யூ என்ற பெயரில் ஒரு முறைமை இருந்தது. அடுத்த எழுத்து எக்ஸ் என்பதைத் தவிர அப்பெயருக்கு வேறு பெருங் காரணம் இல்லை. 1987 இல் அதன் பதினோராவது வடிவம் வெளிவந்தது. பழைய லினக்ஸ் கணனிகளிற் படம் காட்டுவது அவ்வடிவமே.

எக்ஸ் முறைமையைக் குருநகராருக்கு விளக்குவது எளிது. கூத்துக் கொட்டகையை நினைத்துக்கொள்க. மேடையும் விளக்கும் ஒருவர் பொறுப்பு. நடிப்போர் வேறு. இன்னார் இன்ன இடத்தில் நிற்க என்று ஒழுங்கு செய்யும் அண்ணாவியார் வேறு. எக்ஸ் என்பது மேடையும் விளக்கும் மாத்திரமே. நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் நடிகர்கள். சாளரங்களை ஒதுக்கி அடுக்கி வைக்கும் மற்றொரு மென்பொருள் அண்ணாவியார். இம்மூவரும் தனித்தனியே இயங்குவோராதலின், ஒருவர் படுத்தாலும் மற்றவர் இருப்பர். கொட்டகை இருண்டிருந்தால், ஊரே அழிந்தது என்று அழுவார் உண்டோ?

எனவே முதலிற் செய்யத்தக்கது, ஊர் இருக்கின்றதா என்று பார்ப்பது. விசைப்பலகையிற் கன்ரோல், ஓல்ற் என்னும் இரு விசைகளையும் அழுத்தியவாறே எஃப்1 அல்லது எஃப்2 விசையைத் தட்டுக. படமேதுமின்றி வெறும் எழுத்தாற் பெயர் கேட்கும் கருந்திரை ஒன்று தோன்றினாற் கணனி உயிருடன் உளது. பழைய தொலைத்தட்டச்சின் வழித்தோன்றலாகிய இக்கருந்திரையினூடாகவே ஏனைய வைத்தியம் எல்லாம் நடத்தலாம்.

வைத்தியத்துக்கு முன் ஒரு வேலை. வேண்டிய கோப்புக்களை வெளியே எடுத்துவிட வேண்டும். இருண்ட திரையைத் திருத்துவதில் முனைந்து, இருந்த கோப்பையும் இழந்தவர்களை நாம் அறிவோம். வாசிகசாலைக் கணனியிலும் கருந்திரையில் நுழைந்து, கூத்துக் கோப்பைச் சிறிய யூ.எஸ்.பி. நினைவுத்துண்டு இரண்டிற் பிரதி செய்து, பிரதியும் மூலமும் ஒன்றே என ஒப்பிடும் கட்டளையாற் சரிபார்த்த பின்னரே மற்றவற்றைத் தொட்டோம்.

இனித் திரை. எக்ஸ் முறைமை, தான் எழ முயன்ற கதையை ஒன்றும் விடாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும். அக்குறிப்பேட்டில், அடைப்புக்குள் இரட்டை ஈ எழுத்து இட்ட வரிகளே பிழையைக் கூறுவன. ஏனையவற்றைப் படித்து மலைக்க வேண்டியதில்லை. பின்புறம் பருத்த கண்ணாடித் திரைகளின் காலத்தில், திரையின் கதிர் ஒரு செக்கனில் எத்தனை முறை ஓடவேண்டும் என்பதை நாமே அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியிருந்தது. தவறான எண்ணை எழுதினால் திரை கெட்டுவிடவுங்கூடும் என்று அந்நாளைய கைநூல்கள் எச்சரித்தன. இன்று அதனைத் திரையிடமே கேட்டறிந்துகொள்கிறது கணனி. பழைய திரையை நீக்கிப் புதிய தட்டைத் திரையை இணைத்தோர், பழைய அமைப்புக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தாலே பல இடங்களிற் படம் வந்துவிடும்.

மேடையை மட்டும் தனியே ஏற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. நடிகர் எவரையும் அழையாது எக்ஸை மாத்திரம் தொடங்கினால், பழைய பதிப்புக்களில் வலைக்கண் போன்ற சாம்பல் நிறப் பின்னலும், நடுவிற் பெருக்கற்குறி போன்ற சுட்டியும் தோன்றும். வலை பின்னும் ஊரிலே அதனைக் கண்டவர்கள், திரையில் யாரோ வலை விரித்திருப்பதாகக் கூறினர். அப்பின்னல் தோன்றிற்றாயின் திரையும் அதன் வன்பொருளும் பழுதில்லை. பிழை நடிகரிடத்தோ அண்ணாவியாரிடத்தோ உளது.

நாம் பார்த்த கணனியில் அப்பின்னல் தோன்றிற்று. அப்படியாயின், கடவுச்சொல்லை ஏற்றபின் ஏன் மீண்டும் வாயிலுக்கே தள்ளுகிறது? இங்கேதான் டி, எஃப் என்னும் ஈரெழுத்துக் கட்டளை உதவிற்று. வன்தட்டிலே எவ்வளவு இடம் நிரம்பியது என்பதைக் கூறுவது அது. 100 வீதம் என்று விடை வந்தது. உள்நுழைவோர் ஒவ்வொருவருக்கும் எக்ஸ் ஒரு சிறு அனுமதிச் சீட்டை வன்தட்டில் எழுத வேண்டும். எழுத ஓர் அங்குல இடமும் இல்லாதபோது வெளியே தள்ளிவிடுகிறது. அச்சிடுவதற்கும் அவ்வாறே. அச்சிடக் கொடுத்த கோப்பு முதலில் வன்தட்டிலுள்ள காத்திருப்பு அறையில் எழுதப்பட்டே அச்சுப்பொறிக்குச் செல்லும். அறை நிரம்பினால் அச்சும் இல்லை. திரைக்கு வேறு நோய், அச்சுப்பொறிக்கு வேறு நோய் என்று இரண்டு மாதம் எண்ணியிருந்தனர். நோய் ஒன்றே.

நிரப்பியது எது? பெயரின் முன் புள்ளி இட்ட கோப்புக்களை யூனிக்ஸ் சாதாரணமாகக் காட்டுவதில்லை. அத்தகைய மறைவுக் கோப்பு ஒன்றிலே, நடிகர்கள் முணுமுணுக்கும் குறைகளெல்லாம் எழுதப்படும். ஏதோ ஒரு மென்பொருள் ஒரே குறையை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்லி அக்கோப்பை ஊதிப் பெருக்கச் செய்திருந்தது. அதனை வெறுமையாக்கியதும் வாயில் திறந்தது. இதில் மாணவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. லினக்ஸின் வழமையான கோப்பு ஒழுங்கு, வன்தட்டின் நூற்றில் ஐந்து பங்கை மேலாளருக்கென ஒதுக்கி வைக்கும். மற்றவருக்கு இடமில்லாத வேளையிலும் மேலாளர் பெயரில் உள்ளே சென்று வேலை செய்ய இயல்வது அதனாலேயே. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் தாய்மாரின் புத்தி இது.

அடிக்கடி மின்சாரம் நிற்கும் வீடுகளில் வேறொரு காரணமும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அறுந்தால் கோப்பு ஒழுங்கு குழம்பும். குழப்பத்தைக் கண்ட லினக்ஸ், மேலும் கெடாதிருக்க, வன்தட்டை வாசிக்க மட்டும் திறந்து எழுத மறுக்கும். அறிகுறிகள் அப்படியே ஒத்தவை, மருந்து வேறு. ஒழுங்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓடவிட வேண்டும்.

வாசிகசாலைக் கணனியில் வன்தட்டிலே இடம் கிடைத்த பின்னரும் அச்சுப்பொறி அசையவில்லை. ஆயினும் இது பெரிய நோயன்று. அச்சு வரிசையைக் காக்கும் கப்ஸ் என்னும் மென்பொருள், ஒருமுறை அச்சிடுதல் தவறினால் அவ்வச்சுப்பொறியை நிறுத்தி வைத்துவிடும். காரணம் நீங்கிய பின்னும் தானாகத் தொடங்காது. ‘நிறுத்தப்பட்டது’ என்ற சொல்லைக் கண்டு, மீண்டும் தொடங்குமாறு நாம் கட்டளையிட வேண்டும். ரோனர் மாற்றி, கேபிள் மாற்றி, ஈற்றில் அச்சுப்பொறியையே மாற்றியவர்களும் இந்த ஒரு கட்டளையை அறியாமையால் அவதியுற்றதுண்டு.

அச்சுப்பொறி வாய்திறவாமையால் உலகத்தில் விளைந்த பெரியதொரு காரியத்தையும் இங்கே சொல்லலாம். மசச்சூசெற்ஸ் நிறுவகத்தின் ஆய்வுகூடத்திலே றிச்சட் ஸ்ரோல்மன் என்பவர், அச்சுப்பொறியிலே தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்புமாறு அதன் மென்பொருளைத் திருத்தியிருந்தார். 1980 அளவில் சீறொக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அதன் மென்பொருளின் மூலம் தரப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அம்மூலத்தை வைத்திருந்தவரைக் கேட்டபோது, வெளியிடேன் என்று கையொப்பமிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். அக்கசப்பும் ஒரு காரணமாக, 1983 இல் ஸ்ரோல்மன் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். யாரும் திறந்து பார்த்துத் திருத்தத்தக்க மென்பொருள்களை ஆக்குவது அதன் நோக்கம். லினக்ஸ் கணனியிலே நாம் இடும் சிறு கட்டளைகளிற் பல அத்திட்டத்தில் விளைந்தவை.

அச்சுப்பொறி அசைந்தபின்னும் சில வேடிக்கைகள் நிகழும். முதல் வரி இடப்பக்கம் தொடங்க, இரண்டாம் வரி முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர்கீழே தொடங்கி, எழுத்துக்கள் படிக்கட்டுப் போல் வலப்பக்கம் இறங்கிச் சென்று மறையும். தட்டச்சுப் பொறி பழகியவர்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். வரி முடிந்ததும் உருளையைச் சுழற்றித் தாளை ஏற்றுவது ஒரு செயல். வண்டியை வலப்பக்கம் தள்ளி வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது மற்றொரு செயல். யூனிக்ஸ் கோப்புக்களில் முதற் செயலுக்கான குறி மட்டுமே இருக்கும். இரண்டையும் எதிர்பார்க்கும் அச்சுப்பொறி, வண்டியைத் தள்ளாமல் தாளை மட்டும் ஏற்றுகிறது. பொருத்தமான வடிகட்டியைத் தெரிந்தால் படிக்கட்டு மறையும்.

இன்னொன்று பணத்துக்கு ஆபத்தானது. தாளின் தலையில் ஒரு வீதக் குறியும் ஆச்சரியக் குறியும் விழுந்து, தொடர்ந்து பொருளற்ற ஆங்கில வரிகள் ஓடுமாயின் உடனே நிறுத்துக. அது போஸ்ற்ஸ்கிரிப்ற் என்னும் அச்சு மொழி. அம்மொழி தெரியாத அச்சுப்பொறி அதனைப் படம் வரையும் கட்டளையாகக் கொள்ளாது, வெறும் எழுத்தெனப் பல தாள்களில் அச்சிட்டுக்கொண்டேயிருக்கும். 2022 மார்ச்சில், தாள் இல்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை மறந்தவர் எவருமில்லை.

இறுதியாக, தமிழ். எல்லாம் சரியான பின் கூத்தின் முதற் பக்கத்தை அச்சிட்டபோது, காற்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் மட்டுமே தாளில் விழுந்தன. இடையிலிருந்த தமிழ் முழுவதும் வெற்றிடம்! பிள்ளைகள் திகைத்தனர். வெறும் எழுத்துக் கோப்பை அச்சிடும் வழமையான வடிகட்டி தமிழ் எழுத்துருவை அறியாது என்பதே காரணம்.

தமிழ் எழுத்து கணனிக்கு ஏன் கடினமாயிற்று என்பதை, 1834 இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் தொடங்கிய காலத்து எழுத்துக் கோப்போரைக் கேட்டால் சொல்லியிருப்பர். ‘கெ’ என்பதை அச்சுக் கோக்கும்போது முதலிற் கொம்பு, பின்னர் ககரம். ‘கொ’ எனின் கொம்பு, ககரம், கால். கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கு அது. யூனிக்கோட் முறையோ ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றும். அதில் ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே சேமிக்கப்படும். திரையிலோ தாளிலோ வரையும்போது கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்கும் பொறுப்பு மென்பொருளுடையது. அது தெரியாத மென்பொருள், கொம்பைப் பின்னே தள்ளி, சொல்லைக் கெடுத்துவிடும். ஆகவே, தமிழறிந்த சொற்செயலியிலே கோப்பைத் திறந்து, எழுத்துருவும் உள்ளடங்கிய பீ.டி.எஃப். கோப்பாக்கி, அதனை அச்சுக்கு அனுப்புவதே சிறந்த வழி. கூத்தையும் அவ்வாறே அச்சிட்டோம். கொம்பும் காலும் உரிய இடங்களில் நின்றன. கட்டியகாரன் வரவுப் பாட்டு முதல் மங்களம் ஈறாக எதுவும் குறையவில்லை. இப்பொழுது ஒத்திகை நடக்கிறது.

யூனிக்கோட் எழுத்துக்களை யூனிக்ஸிற் சேமிக்க வழிசெய்த யூ.ரி.எஃப். 8 என்னும் குறிமுறையை, 1992 செப்ரெம்பரில் உணவுச்சாலை ஒன்றின் மேசைத்தாளில் வரைந்தவரும், யூனிக்ஸை ஆக்கிய கென் தொம்சனே. றொப் பைக் என்பவர் உடனிருந்தார். தமிழெழுத்து ஒன்றை அக்குறிமுறை மூன்று பைற்றுக்களாக எழுதும்.

நேயர்களின் வீட்டிலும் பழைய தட்டுக்களில் திருமண அழைப்பிதழ்கள், கல்வெட்டு நூல்கள், சங்க அறிக்கைகள் கிடக்கலாம். அவற்றைத் திறக்கும்போது தோன்றும் குழப்பத்தைக் கொண்டே நோயை அறியலாம். வெறும் பெட்டிகள் தோன்றினால் எழுத்துரு இல்லை; சொற்கள் பத்திரமாக உள்ளன. தலையிற் சாய்கோடு பெற்ற ஆங்கில ஏயும், வட்டத்துள் அடைபட்ட ஆரும் மாறி மாறித் தோன்றினால், அது யூனிக்கோட்டைப் பிழையான குறிமுறையில் வாசிப்பதால் வருவது. குறிமுறையை மாற்றித் திறந்தாற் போதும். கேள்விக்குறிகள் மட்டுமே வரிசையாக நிற்பின் வேறு பிரதி உண்டா என்று தேடுக. யாரோ சேமித்தபோதே தமிழ் அழிந்திருக்கலாம்.

நமது நாட்டிற் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் அடித்தவை இன்னொரு வகை. ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாக நிற்கும். பழுதென்று எண்ணி அழித்துவிடாதீர்கள். பாமினி, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. எழுத்துருவை நிறுவினாற் பழையபடி தமிழாகும். யூனிக்கோட்டுக்கு மாற்றித் தரும் மாற்றிகளும் பல உண்டு. ஆனால், இடையிலே ஆங்கிலப் பெயரோ முகவரியோ கலந்திருப்பின், அதனையும் பாமினி என்றே கருதி மாற்றி உருக்குலைத்துவிடும். அவ்விடங்களை மட்டும் கண்ணாற் பார்த்துத் திருத்த வேண்டும். வன்தட்டுக்களையும் நினைவுத்துண்டுகளையும் நமது உப்புக்காற்றிலிருந்து காப்பது பற்றிச் சில நேயர்கள் கேட்டிருந்தனர். அதனை அடுத்த கிழமை எழுதுவோம்.